துப்பாக்கி அப்புறம்... முதலில் காதைக் கவனிங்க!

என் அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் அவருக்கு வலப்பக்கமாகத்தான் போய் உட்கார வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்தால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். டெலிபோன் வந்தால் ரிசீவர் வலது காதுக்குத்தான் போகும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இடது கோடி இலையாகப் பார்த்துத்தான் உட்காருவார். அப்போதுதானே எல்லாரும் அவருக்கு வலப்பக்கம் இருப்பார்கள்!

"தாத்தாவுக்கு வயசாச்சு, காது மந்தம்" என்று நாங்களும் ரொம்ப நாள் வயசின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால், நான் காலேஜ் படிக்கும்போதே அவர் "என்னம்மா சொன்னே?" என்று இரண்டு தடவை கேட்பார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

அப்பா சீருடைப் பணியில் இருந்தவர். வருஷா வருஷம் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. பிற்பாடு மற்றவர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் பார்த்தார். "அப்போல்லாம் காதுக்கு என்னப்பா போட்டுக்குவீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்னத்தைப் போடறது? சில பேர் பஞ்சு வெச்சுக்குவாங்க. நான் அதுவும் இல்லை. காதைப் பொத்திக்கிட்டா பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவாங்களே!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் என் மகள் ஷூட்டிங் கிளாஸில் சேர்ந்திருந்தாள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வாங்கியதை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இதில் தப்பு ஒன்றுமில்லை. 2004ல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கினார். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கமே வாங்கினார். ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விளையாட்டு இது. மனசை ஒருமுகப்படுத்தும், பொறுமையைக் கற்றுக்கொடுக்கும். நல்ல விஷயம்தான்.

முதல் நாள் கிளப்பில் ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். ஜாக்கெட், கையுறை, ஷூ, பெல்லட், பயிற்சிக் கட்டணம்... எல்லாம் இருந்தது. காதைப் பற்றி ஒரு வரி இல்லை!

கேட்டேன். "ஏர் ரைஃபிள்தானே மேடம், சத்தமே வராது" என்றார்கள். ஆனால் அதே கட்டடத்தில், நடுவில் ஒரு தட்டி மாதிரி தடுப்பு. அந்தப் பக்கம் பெரியவர்கள் .22 துப்பாக்கி சுடுகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் என்னோடு வந்திருந்த ஆறு வயசுப் பையன் துள்ளித் துள்ளிக் காதைப் பொத்துகிறான். பின்னால் பெஞ்சில் அம்மாக்கள் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் ஆணியில் நாலைந்து இயர் மஃப் தொங்குகிறது. எடுத்துப் பார்த்தேன். மெத்தை வெடித்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்கிறது. யாரும் அதைத் தொடுவதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு மகளைச் சுட விடாமலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை!

இந்த விஷயத்தில் என் கருத்து ஒன்றே ஒன்றுதான். துப்பாக்கி, ஜாக்கெட் எல்லாம் அப்புறம். முதல் செலவு காதுக்கு. அதையும் விலையைப் பார்த்தோ, டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்தோ வாங்கக் கூடாது. உங்கள் குழந்தையின் காதுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முளைக்காத ரோமம்

நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்பார்கள். அதற்குள் சுமார் 15 ஆயிரம் ரோம செல்கள். சத்தம் வந்தால் வயலில் காற்றடித்து நாற்று சாய்வது போல இவை அசையும். அந்த அசைவுதான் மூளைக்குப் போய் 'அம்மா' என்றும் 'ஆட்டோ' என்றும் புரிகிறது.

அளவான காற்றில் நாற்று சாய்ந்து நிமிரும். புயல் அடித்தால்? வேரோடு போய்விடும். தலையில் முடி கொட்டினால் மறுபடி முளைக்கும். இந்த ரோம செல் மனிதர்களுக்கு ஒரு தடவை போனால் போனதுதான். ஆபரேஷன் செய்தோ மாத்திரை கொடுத்தோ அதை முளைக்க வைக்க இன்றுவரை வழியில்லை.

சத்தத்தை டெசிபல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். இந்தக் கணக்கு நாம் கடையில் போடும் கூட்டல் மாதிரி இல்லை. 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு! 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருப்பது காதுக்கு ஆபத்து என்று தொழிற்சாலைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இது தொடர்ந்து கேட்கும் சத்தத்துக்கு.

வெடிச் சத்தத்துக்கு வேறு கணக்கு. அதன் உச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை பெரியவர்களுக்கு 140 டெசிபல், குழந்தைகளுக்கு 120. இருப்பதிலேயே சாதுவானது என்று சொல்லும் .22 ரைஃபிளே 140ஐ ஒட்டி வரும். குழல் குட்டையான .22 பிஸ்டலில் இன்னும் அதிகம். பெரிய ரைஃபிளும் 12 போர் துப்பாக்கியும் 150, 160 என்று ஏறும்.

"காது தானாகவே சுதாரித்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதில் உள்ள ஒரு குட்டித் தசை இறுகி, உள்ளே போகும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். ஆனால் அது இறுகுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். துப்பாக்கி வெடியோ அதற்குள் வந்து, அடித்து, முடிந்தே போயிருக்கும். திருடன் ஓடின பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்ட கதைதான்!

இடது காது மட்டும் ஏன்?

அப்பாவுக்கு இடது காது மட்டும் அதிகமாகப் போனது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வலது கைக்காரர் ரைஃபிளைப் பிடிக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். வலது தோளில் கட்டை, கன்னம் அதன் மேல் சாய்ந்திருக்கும். அப்போது இடது காது குழலின் முனையை நோக்கித் திரும்புகிறது. வலது காது தலையின் மறைவில் இருக்கிறது. அடி முழுக்க இடது காதுக்கு! ரைஃபிள் சுட்ட பலரிடம் டாக்டர்கள் பார்க்கும் வழக்கமான அடையாளம் இது. இடது கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகைச் செவிட்டில் எல்லாச் சத்தமும் ஒன்றாகப் போவதில்லை. முதலில் போவது கீச்சுச் சத்தங்கள், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். காது டெஸ்ட் செய்த ஆடியோகிராம் தாளில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். ஆண்களின் கனத்த குரல் நன்றாகக் கேட்கும். லாரி ஹாரன் கேட்கும். ஆனால் 'ச', 'ஸ', 'த' மாதிரி எழுத்துகள் தேய்ந்துபோகும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் கலங்கிப்போகும்.

"சத்தம் கேக்குதும்மா... என்ன பேசறீங்கன்னுதான் புரியலை" என்று அப்பா அடிக்கடி சொல்வது இதனால்தான். பேத்தி ஸ்கூல் கதையை மூச்சு விடாமல் சொல்வாள். இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அவள் போன பிறகு என்னைக் கேட்பார், "குழந்தை என்ன சொன்னா?" இதைவிடப் பெரிய தண்டனை ஒரு தாத்தாவுக்கு உண்டா?

'ஏர் ரைஃபிள்தானே?'

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது. காற்றின் அழுத்தத்தில்தான் பெல்லட் பாய்கிறது. .22 சத்தத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. வெறும் ஏர் ரைஃபிள் மட்டும் சுடும் ஹாலில் ஒரு மணி நேரம் இருந்ததால் காது போய்விட்டது என்று பயமுறுத்துவதற்கில்லை.

ஆனாலும் மூன்று விஷயம். ஒன்று, குழந்தைகளுக்கு எல்லை 120 டெசிபல்தான். சில ஏர் ரைஃபிள்கள் அதையும் தாண்டுவது உண்டு. இரண்டு, பக்கத்தில் என்ன சுடுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. நான்கு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சில் சத்தம் வெளியே போக வழியில்லாமல் மோதி மோதித் திரும்பும். பக்கத்து லேன்காரரின் வெடியும் நம் குழந்தையின் காதுக்குத்தான் வரும். மூன்று, பழக்கம். இன்றைக்கு ஏர் ரைஃபிள் சுடும் குழந்தை இரண்டு வருஷத்தில் .22க்குப் போகும். என்.சி.சி.யில் சேர்ந்தால் அங்கேயும் .22 உண்டு. ஸ்கூட்டர் ஓட்டக் கற்கும் முதல் நாளே ஹெல்மெட் போட்டால்தானே அது பழக்கமாகும்?

கடைக்குப் போகுமுன்...

காதுக் கவசம் பெரும்பாலும் இரண்டு ஜாதி. காதுக்குள் செருகும் பிளக், காதை வெளியிலிருந்து மூடும் மஃப்.

பிளக்கில் மலிவானது நுரை பிளக். உருட்டிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாகப் போட்டால் விலை உயர்ந்த எதற்கும் இது சளைத்ததல்ல. தப்பாகப் போட்டால் ஒன்றுக்கும் உதவாது. இதைக் கழுவக் கூடாது. அழுக்கானால் தூக்கி எறிய வேண்டியதுதான். இன்னொரு வகை, அடுக்கடுக்காகக் குடை மாதிரி இருக்கும் ரப்பர் அல்லது சிலிகான் பிளக். சோப்புத் தண்ணீரில் கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம். மூன்றாவது, ஆடியோலஜிஸ்டிடம் போய்க் காதுக்கு அச்சு எடுத்துச் செய்வது. சொகுசானது. ஆனால் வளரும் குழந்தைக்குக் காதும் வளருமே! பாவாடை சட்டை மாதிரி இதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மஃப் போடுவது சுலபம். குழந்தை ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே நமக்குத் தெரியும். காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் பிளக் செருகக் கூடாது. அவர்களுக்கு மஃப்தான். அதிலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

என் சிபாரிசு இதுதான். ஏர் ரைஃபிள் மட்டும் என்றால், நன்றாகப் பொருந்தும் ஒன்று போதும், பிளக்கோ மஃப்போ. வெடிமருந்துத் துப்பாக்கி, அதுவும் மூடின ரேஞ்ச் என்றால் இரண்டும் வேண்டும். உள்ளே பிளக், மேலே மஃப்.

நம்பர் மாயை

டப்பாவில் 'என்.ஆர்.ஆர். 32' என்று போட்டிருக்கும். சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று சொல்லும் அமெரிக்க அளவு அது. ஐரோப்பியச் சரக்கில் 'எஸ்.என்.ஆர்.' என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக் கூடாது.

அந்த நம்பர் பரிசோதனைச் சாலையில் எடுத்தது. பழகினவர் கவனமாகப் போட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து எடுத்தது. வீட்டில் நாமும் நம் குழந்தையும் போடும்போது அது வராது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1998லேயே இதற்கு ஒரு கழிவுக் கணக்குச் சொன்னது. மஃப் என்றால் நம்பரில் கால் பங்கைக் கழி. நுரை பிளக் என்றால் பாதியைக் கழி. மற்ற பிளக் என்றால் 70 சதவீதம் கழி!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 போட்ட நுரை பிளக் கடைசியில் 16. 24 போட்ட மஃப் 18. நம்பர் சின்னதாக இருந்த மஃப்தான் ஜெயிக்கிறது. இதைத்தான் மாயை என்றேன்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் 32ம் 24ம் 56 ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பெரிய நம்பரோடு ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும். ஆனால் சக்திக் கணக்கில் அந்த 5 என்பது மூன்று மடங்கு. வெடி விஷயத்தில் அது பெரிய லாபம்.

காதில் ஒழுங்காக உட்காராத கவசம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் வருஷக்கணக்கில் பயன்படுத்திய ஒரு பிளக் காதுக்குள் சரியாகப் பொருந்தாமல் நழுவியது, அதனால் கேள்வித்திறன் போயிற்று என்று லட்சக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். தயாரித்த நிறுவனம் தன் பேரில் தவறில்லை என்றே சொன்னது. ஆனாலும் 2023ல் சுமார் 600 கோடி டாலர் தந்து சமாதானம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. பணம் வரும். காது வருமா?

பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நுரை பிளக் போட ஒரு முறை இருக்கிறது. முதலில் கையைக் கழுவுங்கள். பிளக்கை விரலால் மடிப்பில்லாமல் மெல்லிசாக உருட்டுங்கள். எதிர்ப் பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலாகவும் பின்பக்கமாகவும் இழுங்கள். வளைந்திருக்கும் காதுத் துவாரம் அப்போது நேராகும். இப்போது செருகி, விரலால் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருங்கள். விட்டால் அது விரிந்து வெளியே வந்துவிடும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போடாத மாதிரிதான்.

சரியா என்று பார்க்க ஒரு சுலபமான டெஸ்ட். சத்தமாக ஃபேனோ மிக்ஸியோ ஓடும்போது, பிளக் போட்ட காதுகளை உள்ளங்கையால் நன்றாக மூடித் திறங்கள். மூடும்போது சத்தம் இன்னும் வெகுவாகக் குறைகிறதா? அப்படியானால் பிளக் சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி போடுங்கள். பெரிய சைஸ் பிளக் குழந்தைகளின் சின்னக் காதுக்குள் போகவே போகாது. சின்ன சைஸ் கேட்டு வாங்குங்கள்.

மஃப் என்றால் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தோலில் பதிய வேண்டும். நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு இதில் சில சங்கடங்கள் உண்டு. ஜிமிக்கி, மாட்டல், பெரிய தோடு எல்லாம் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ரேஞ்சுக்குப் போகும் நாளில் கழற்றி வைத்துவிடுங்கள். காதை மூடுகிற மாதிரி முடியை விடாமல், பின்னால் தாழ்வாகப் பின்னலாம். தொப்பி விளிம்பு மஃப்புக்குள் மாட்டக் கூடாது. கண்ணாடி போட்டிருந்தால் அதன் காம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த காம்பு இருந்தால் அந்தச் சந்து வழியாகவே சத்தம் உள்ளே நுழையும். அப்படிப்பட்டவர்களுக்கு பிளக்கே மேல், அல்லது பிளக்கோடு மஃப்.

ரைஃபிள்காரர்களுக்கு இன்னொரு சமாச்சாரம். கடையில் போட்டுப் பார்க்கும்போது மஃப் கச்சிதமாக இருக்கும். ரேஞ்சில் போய்க் கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும் கட்டை மஃப்பில் இடித்து அதைத் தூக்கிவிடும். அந்த விநாடியில்தான் வெடி! ஆகவே சுடும் நிலையில் நின்று, படுத்து, மண்டியிட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள். பட்டையான கிண்ணம் வைத்த மஃப் கிடைக்கிறது. பிஸ்டல் சுடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வேர்வைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் மஃப்பின் மெத்தை சீக்கிரம் இறுகிவிடும். அடிக்கடி துடைத்து வையுங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். பழைய வாஷர் போட்ட குக்கரில் ஆவி நிற்குமா?

இவையெல்லாம் கவசம் ஆகாது

பஞ்சு கவசம் ஆகாது. வெடிச் சத்தத்துக்கு அது கொசுவலையில் தண்ணீர் பிடிக்கிற கதை. 'ஏதோ வெச்சிருக்கோம்' என்ற தைரியம்தான் மிச்சம்.

காலித் தோட்டாவைக் காதில் செருகிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வேலை வேண்டவே வேண்டாம். காதுத் துவாரம் கிழிந்துவிடும். சிக்கிக்கொண்டால் எடுக்க டாக்டரிடம் ஓட வேண்டும்.

பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன், 'வெளிச் சத்தத்தைக் குறைக்கும்' என்று விற்கும் விலை உயர்ந்த ஹெட்ஃபோன், இவையும் வேண்டாம். அவை பஸ் இரைச்சல், விமான இரைச்சலுக்காகச் செய்தவை. துப்பாக்கி வெடிக்கு அல்ல.

'காதை மூடினால் கோச் சொல்றது கேக்காதே!'

பயிற்சியாளர்கள் சொல்லும் இந்த ஆட்சேபணையில் நியாயம் இருக்கிறது. 'ஸ்டாப்' என்ற கட்டளை காதில் விழாவிட்டால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இதற்காகவே எலெக்ட்ரானிக் மஃப் வந்திருக்கிறது. பேச்சை மைக் வழியாக உள்ளே அனுப்பும். சுமார் 85 டெசிபலைத் தாண்டின சத்தத்தை அப்படி அனுப்பாமல் நிறுத்திவிடும். கோச்சுக்கும், அங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இது அருமையான சாதனம். ஆனால் போட்டியில் சுடும் வீரர்கள், ஒலியை வாங்கி உள்ளே தரும் இந்த மாதிரிக் கருவியைப் போட சர்வதேச ஷூட்டிங் விதி அனுமதிப்பதில்லை. போட்டி ஆசையுள்ள குழந்தைக்குச் சாதாரண பிளக்கோ மஃப்போ பழக்குவதுதான் புத்திசாலித்தனம். கட்டளைக்குக் கை ஜாடையும் விளக்கும் வைத்துக்கொண்டால் போகிறது.

கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்

சர்வதேச விதிகளே, சுடும் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லாரும் காதுக் கவசம் போட வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. 'எல்லாரும்' என்பதில் பெஞ்சில் காபி குடிக்கும் அம்மாவும் உண்டு, ஆறு வயசுத் தம்பியும் உண்டு. கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வராமல் இருப்பது உத்தமம். அம்மா தன் காதை மூடிக்கொள்ளலாம், வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு எதை மாட்டுவது?

ஆகவே, நடத்துபவர்களே... உங்கள் லிஸ்ட்டில் முதல் வரியாகக் காதுக் கவசத்தைப் போடுங்கள். வாசலில் ஒரு டப்பா நிறைய நுரை பிளக் வையுங்கள். கவசம் இல்லாதவர் கதவைத் தாண்டக் கூடாது என்று போர்டு எழுதுங்கள். சேரும் குழந்தைக்கு முதலில் ஒரு ஆடியோகிராம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை என்று விதி வையுங்கள். பள்ளம் விழ ஆரம்பிக்கும்போதே தெரிந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாமே!

பெற்றோருக்கும் ஒன்று. ரேஞ்சிலிருந்து வந்த குழந்தை "காதுல கொய்ங்னு சத்தம் கேக்குது", "காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றால் அலட்சியப்படுத்தாதீர்கள். கவசம் போதவில்லை என்று காது மணி அடித்துச் சொல்கிறது. மறுநாளும் அது நிற்கவில்லை என்றாலோ, திடீரென்று காது கேட்கவில்லை என்றாலோ, எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு இருக்காமல் உடனே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். இதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

என் மகள் இப்போது அதே கிளப்புக்குத்தான் போகிறாள், சின்ன சைஸ் பிளக்கும் பட்டையான மஃப்பும் போட்டுக்கொண்டு. முதல் வாரம் மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். தாத்தாவைக் கேலி செய்த மாதிரியே! அவள் அசரவில்லை. "எங்க தாத்தாவைப் பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டாளாம். இப்போது அந்த வரிசையில் இன்னும் மூன்று பேர் மஃப் மாட்டியிருக்கிறார்கள்.

போன மாசம் அவளுக்கு உள்ளூர்ப் போட்டி. தாத்தாவும் வருவதாகச் சொன்னார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வழக்கம்போல வலப்பக்கமாகப் போய் நின்றேன்.

"எனக்கும் ஒரு ஜோடி எடுத்துக்கம்மா."

"உங்களுக்கு எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இருக்கிற ஒத்தைக் காதையாவது காப்பாத்திக்கறேன். ஜெயிச்சா, அவ வந்து சொல்றது எனக்குக் கேக்கணுமில்லே?"